பென்சில் தம்பி கையிலேயே இருக்கட்டும்

"அண்ணன்கிட்ட கேட்டுப் படி." இரண்டு பையன்கள் இருக்கும் வீட்டில், பெரியவன் கொஞ்சம் வளர்ந்ததும் இந்த வார்த்தை வந்துவிடும். சொல்கிறவர்களுக்கு இது ஒரு சின்ன ஏற்பாடு. கையில் வேலை இருக்கிறது, பெரியவன் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறான். ஆனால் பெரியவன் காதில் அது "இனி இவன் உன் பொறுப்பு" என்று விழுகிறது. சின்னவன் காதில் "இனி அவன் வைத்ததுதான் சட்டம்" என்று விழுகிறது. சண்டை அங்கேயே தொடங்கிவிடுகிறது.

படிப்பையும் விளையாட்டையும் ஒட்டி வரும் அண்ணன் தம்பிச் சண்டைகளைப் பொறாமை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பெரும்பாலான சண்டைகள் எல்லை சொல்லாமல் கொடுத்த அதிகாரத்தால் வருகின்றன. எந்தப் பாடத்துக்கு, எவ்வளவு நேரத்துக்கு, எதுவரைக்கும் என்று யாரும் பெரியவனிடம் சொல்வதில்லை. அதனால் அவன் தனக்குத் தெரிந்த ஒரே மாதிரியில் அதை நடத்துகிறான்: அவனுக்கு வாய்த்த மிகக் கண்டிப்பான வாத்தியார் மாதிரி. அதட்டுவதைப் பார்த்த மாத்திரத்தில் கற்றுக்கொள்ளலாம். பொறுமையாகச் சொல்லித்தருவது பெரியவர்களுக்கே வருடக்கணக்கில் பழகித்தான் வருகிறது. 12 வயதுப் பையனுக்கு யாரும் காட்டித்தராமல் அது வராது.

முதலில் இரண்டு வேலைகளைப் பிரித்தாக வேண்டும். புரியாத கணக்கை விளக்குவது, வாய்ப்பாடு கேட்பது, சொல்வதெழுதுதல் போடுவது, இவை உதவி. வீட்டுப்பாடம் முடித்தாயா, ஏன் முடிக்கவில்லை, எப்போது எழுந்து போகலாம், மதிப்பெண் ஏன் இறங்கியது, இவை மேற்பார்வை. முதல் வகையைப் பெரியவனிடம் கொடுக்கலாம். இரண்டாம் வகை அம்மா அப்பாவிடமே இருக்க வேண்டும், எவ்வளவு அலுப்பாக இருந்தாலும். அதற்கு நாளுக்கு ஐந்து நிமிடம் போதும்: பள்ளிக் குறிப்பேட்டைத் திறந்து பார்ப்பது, அன்றைய நோட்டைப் புரட்டுவது, மறுநாள் பையை எடுத்துவைக்கச் சொல்வது. இந்த ஐந்து நிமிடத்தைப் பெரியவனிடம் தள்ளிவிட்டால், தம்பியின் ஒவ்வொரு தவறும் அவன் தோல்வியாகிவிடும். "நீ பார்த்துக்க மாட்டியா?" என்று ஒரு முறை அவனிடம் கேட்டுவிட்டால் போதும், மறுநாளிலிருந்து அவன் தம்பியை உருட்டி மிரட்டத் தொடங்கிவிடுவான்.

வயது வித்தியாசமும் இதில் பெரிய விஷயம். ஒன்றிரண்டு வயதுதான் வித்தியாசம் என்றால் சொல்லித்தரும் பொறுப்பையே கொடுக்காமல் இருப்பது நல்லது. இருவரும் ஏறத்தாழ ஒரே பாடத்தில்தான் இருப்பார்கள். சொல்லித்தருபவனுக்கே அந்தப் பாடம் இன்னும் கைவந்திருக்காது. தெரியாததை மறைக்கத்தான் குரல் உயரும். நான்கு வயதுக்கு மேல் இடைவெளி இருந்தால் ஏற்பாடு நன்றாக நடக்கும். மூன்று வயது என்றால் பாடத்தைப் பார்த்து முடிவு செய்யலாம்: பெரியவன் எதில் தேர்ந்தவனோ அதை மட்டும்.

சொல்லித்தருவதால் லாபம் தம்பிக்கு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். ராபர்ட் ஜாயன்ஸ் என்ற உளவியலாளர் 1970களில் முன்வைத்த விளக்கம் இது: மூத்த பிள்ளைகள் அறிவுத் தேர்வுகளில் சற்று முன்னால் நிற்பதற்கு, இளையவர்களுக்குச் சொல்லித்தரும் வாய்ப்பு கிடைப்பதும் ஒரு காரணம், கடைசிப் பிள்ளைக்கு அந்த வாய்ப்பே இல்லை. 2007இல் நார்வேயில் பெட்டர் கிறிஸ்டன்சென், டோர் பியர்கெடால் இருவரும் ராணுவத்துக்கு அழைக்கப்பட்ட இளைஞர்களின் தேர்வு முடிவுகளை ஆராய்ந்தார்கள். மூத்தவர்களுக்கும் இரண்டாமவர்களுக்கும் நுண்ணறிவு ஈவில் (ஐ.க்யூ.) இரண்டு மூன்று புள்ளிகள்தான் வித்தியாசம். அதைவிட முக்கியமான செய்தி அடுத்தது. அண்ணன் அல்லது அக்கா குழந்தையிலேயே இறந்துபோய், வீட்டில் மூத்தவராக வளர்ந்த இரண்டாம் பிள்ளைகள், மூத்த பிள்ளைகளைப் போலவே மதிப்பெண் வாங்கியிருந்தார்கள். பிறந்த வரிசை அதைத் தீர்மானிக்கவில்லை, வீட்டில் வகித்த இடம் தீர்மானித்தது. "மூத்தது மோழை, இளையது காளை" என்று பழமொழி பேசும் வீடுகளும் சரி, "மூத்தவன்னாலே பொறுப்பு" என்று பேசும் வீடுகளும் சரி, இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். குணத்தைப் பொறுத்தவரை பிறந்த வரிசை நீடித்த மாற்றம் எதையும் செய்வதாகத் தெரியவில்லை என்று 20,000 பேருக்கு மேற்பட்டவர்களின் தரவை வைத்து ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2015இல் சொன்னார்கள். பொறுப்பு பிறப்போடு வருவதில்லை, கொடுத்துத்தான் வருகிறது. கொடுக்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

இனி உட்கார்ந்து சொல்லித்தரும் அந்த நேரத்துக்கு வருவோம். சின்னவனுக்கு 8 வயது, பெரியவனுக்கு 12 என்று வைத்துக்கொள்வோம். இருபது நிமிடம் போதும், கடிகாரம் பார்த்து. எதிரெதிரே உட்காரக் கூடாது. எதிரில் உட்கார்ந்தால் நோட்டு பெரியவனுக்குத் தலைகீழாகத் தெரியும், இருக்கும் தோரணையும் விசாரணை மாதிரி ஆகிவிடும். பக்கத்தில் உட்கார வேண்டும். சின்னவன் வலது கையால் எழுதுகிறவன் என்றால் அவனுக்கு இடப்பக்கம். அங்கிருந்து எழுதுவது தெளிவாகத் தெரியும், பென்சிலைப் பிடுங்கக் கை நீளாது.

இந்த ஏற்பாட்டுக்கு உயிர்நாடியே பென்சில்தான். தம்பியின் பென்சில் ஒருபோதும் அண்ணன் கைக்குப் போகக் கூடாது. போன நொடியில் கணக்கு அண்ணனுடையதாகிவிடும். தம்பி வேடிக்கை பார்க்கத் தொடங்குவான். பெரியவனுக்குத் தனியாக ஒரு தாளும் தனிப் பென்சிலும் இருக்கட்டும். அதில் அவன் அதே மாதிரியான வேறு எண்களைப் போட்டுச் செய்து காட்டலாம். தம்பியின் நோட்டில் தப்பு தெரிந்தால் அந்த வரியைத் தொட்டுக் காட்டலாம், அவ்வளவுதான். விடையை எழுதுவதும் கிடையாது, அழிப்பதும் கிடையாது. கேள்வி கேட்டுவிட்டு மனசுக்குள் பத்து வரை எண்ண வேண்டும். பெரும்பாலான அண்ணன்கள் மூன்று எண்ணுவதற்குள் விடையைச் சொல்லிவிடுவார்கள். சொல்லிவிட்டு "ஒண்ணும் தெரியல இவனுக்கு" என்பார்கள். யோசிக்க இடம் கிடைக்காமல் போனது யார் கணக்கிலும் வராது.

எத்தனை முறை உதவலாம் என்பதற்கும் ஓர் அளவு உண்டு. முதலில் கேள்வியை மறுபடி உரக்க வாசிக்கச் சொல்வது. அதிலும் வரவில்லை என்றால் எந்தப் படியில் நிற்கிறான் என்று கேட்பது. அதற்குப் பிறகு, தன் தாளில் வேறு எண்களில் செய்து காட்டுவது. இந்த மூன்றுக்குப் பிறகும் வரவில்லையா, ஓரத்தில் ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட வேண்டும். நட்சத்திரம் போட்டதை அம்மாவோ அப்பாவோ ஆசிரியரோ பார்த்துக்கொள்வார்கள். கற்பித்தல் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த வகை உதவியைக் கட்டடத்துக்குச் சாரம் கட்டுவதோடு ஒப்பிடுவார்கள். 1976இல் டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலிருந்து அந்தச் சொல் பரவியது. சுவர் நிற்க நிற்கச் சாரத்தைப் பிரிக்க வேண்டும் என்பதும் அந்த ஒப்புமையிலேயே இருக்கிறது.

கவனக்குறைவு என்று அண்ணன்கள் அடிக்கடி சொல்வார்கள். அது எவ்வளவு தவறாகப் போகும் என்பதற்கு ஒரு கழித்தல் கணக்கைப் பாருங்கள். 403லிருந்து 178ஐக் கழிக்கச் சொன்னால் சின்னவன் 375 என்று எழுதுகிறான். சரியான விடை 225. அண்ணன் பார்க்கிறான்: ஒன்றின் இடத்தில் 5 சரியாக இருக்கிறது. "முதல் இடத்துல ஒழுங்காக் கடன் வாங்கியிருக்கான், அப்புறம் விளையாட்டுப் புத்தியில விட்டுட்டான்" என்று முடிவு கட்டி ஒரு குட்டு வைக்கிறான். நடந்தது அதுவே இல்லை. தம்பி கடன் வாங்கவே இல்லை. ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்திருக்கிறான்: 8லிருந்து 3 போனால் 5, 7லிருந்து 0 போனால் 7, 4லிருந்து 1 போனால் 3. ஒன்றின் இடம் சரியாக வந்தது தற்செயல்; 13லிருந்து 8 போனாலும் 5தான். இது கவனக்குறைவே கிடையாது, அவன் மனதில் இருக்கும் ஒரு தவறான விதி. ஒழுங்காக, ஒவ்வொரு முறையும் அதே மாதிரி செய்வான். பிள்ளைகளின் கழித்தல் பிழைகளுக்குப் பின்னால் இப்படி நிலையான விதிகள் இருப்பதை ஜான் சீலி பிரவுனும் ரிச்சர்ட் பர்ட்டனும் 1978இலேயே விரிவாகக் காட்டிவிட்டார்கள்.

கண்டுபிடிக்க எளிய வழி, சின்னக் கணக்கு ஒன்றைக் கொடுத்துப் பார்ப்பது. 52லிருந்து 38. கடன் வாங்கத் தெரிந்தவன் 14 என்பான். தவறான விதி வைத்திருப்பவன் 26 என்பான். 26 வந்தால் குட்டு வேண்டாம். "26ஓட 38ஐக் கூட்டிப் பாரு" என்றால் போதும். 64 வரும். 52 வரவில்லையே என்று அவனே நிமிர்ந்து பார்ப்பான். அதன்பிறகு 403க்குத் திரும்பலாம்: பத்துகள் இல்லை, ஆகவே ஒரு நூறைப் பத்துப் பத்தாக உடை, அதில் ஒரு பத்தை ஒன்றுகளாக உடை, 3 நூறு, 9 பத்து, 13 ஒன்று. தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி வைத்துக்கொண்டு, கட்டைப் பிரித்துக் காட்டினால் இன்னும் நல்லது. பின்னத்திலும் இதே கதைதான். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதியவனிடம், "ஐந்தில் இரண்டு பாதியைவிடக் குறைவா அதிகமா? பாதியோட இன்னும் கொஞ்சம் கூட்டினா எப்படிக் குறையும்?" என்று கேட்டால் போதும். கேள்வி கேட்கும் அண்ணனைத் தம்பி மதிப்பான். விடையைச் சொல்லிக் குட்டும் அண்ணனுக்கு அவன் வெறுமனே அடங்கித்தான் போவான்.

"இது கூடத் தெரியாதா", "நான் உன் வயசுல" இரண்டும் அந்த இருபது நிமிடத்தில் கூடவே கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இருவரில் யார் வேண்டுமானாலும் நோட்டை மூடி நிறுத்தலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. மூடும் உரிமை இருந்தால்தான் மறுநாள் திறப்பார்கள்.

இப்போது எல்லாவற்றிலும் சிக்கலான இடம். உழைக்கும் அண்ணன் தோற்கிறான், விளையாடும் தம்பி தேறுகிறான். இது பல வீடுகளில் நடப்பது. அண்ணன் இரவு வெகுநேரம் புத்தகத்தோடு இருப்பான். தம்பி வெளிச்சம் மங்கும்வரை பந்தோடு இருப்பான். அண்ணன் அவனைப் பிடித்து உட்காரவைத்து, படிப்பு எவ்வளவு கடினம், மேல் வகுப்பு எப்படி இருக்கும், உருப்பட வழி என்ன என்று நீண்ட அறிவுரை தருவான். முடிவு வரும்போது அறிவுரையின் அடித்தளமே சரிந்துவிடும். அதிகாரத்துக்கு ஆதாரமாக அவன் காட்டிக்கொண்டிருந்தது தான் செலவழித்த மணிநேரங்களை. மணிநேரம் பொய்த்துப்போனால் மிச்சம் வயது மட்டும்தான். அப்போது குரல் இன்னும் ஏறும், இல்லையென்றால் பேச்சே நின்றுவிடும். இரண்டும் அந்தப் பையனுக்குப் பெரிய வலி. அதைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது.

காரணம் அநேகமாகப் படிக்கும் முறையில் இருக்கும். ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பது தெரிந்துவிட்டது போன்ற உணர்வைத் தரும். ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கும் 2006இல் செய்த சோதனையில், மறுபடி மறுபடி வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்து வைத்ததில், புத்தகத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். அண்ணன் வாசிக்கிறான். தம்பிக்கோ யாராவது கேள்வி கேட்கிறார்கள், அவன் பதில் சொல்கிறான், தப்பாகச் சொன்னால் திருத்தப்படுகிறான். அந்தக் கேள்விகளைக் கேட்பவன் பெரும்பாலும் அண்ணன்தான்! ஆகவே சரிசெய்ய வேண்டியது தம்பியின் விளையாட்டு நேரத்தை அல்ல. அண்ணனுக்கு யாராவது கேள்வி கேட்க வேண்டும். ஒரு பக்கம் வாசித்து, புத்தகத்தை மூடி, வெள்ளைத்தாளில் நினைவில் இருப்பதை எழுதி, திறந்து ஒப்பிட்டு, விட்டுப்போனதை வேறு நிறத்தில் எழுதட்டும். அதே பக்கத்தை இரண்டு நாள் கழித்தும் ஒரு வாரம் கழித்தும் இதே மாதிரி. புத்தகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்கும் வேலையைத் தம்பியிடமே கொடுக்கலாம். எட்டு வயதுப் பையன் கேள்வி கேட்க விடை தெரிந்திருக்கத் தேவையில்லை, வாசிக்கத் தெரிந்தால் போதும். வாரத்தில் ஒரு நாளாவது கேள்வி கேட்பவனும் பதில் சொல்பவனும் இடம் மாறிக்கொள்வது அதிகாரத்தின் இறுக்கத்தை நன்றாகவே தளர்த்தும்.

தூக்கமும் இதில் சேர்த்தி. 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணிநேரம், 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணிநேரம் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பு 2016இல் பரிந்துரைத்தது. கண்விழித்துப் படிக்கும் அண்ணனை வீட்டில் மெச்சும்போது, தூங்கும் தம்பியை மறைமுகமாகக் குற்றம் சாட்டுகிறோம். உண்மையில் சரியாகச் செய்வது தம்பிதான்.

அண்ணன் போட்டுத் தரும் கால அட்டவணையையும் இங்கேயே பார்த்துவிடலாம். கோடு போட்டு, வண்ணம் தீட்டி, அதிகாலையிலிருந்து ஆரம்பித்து, விளையாட்டுக்கு இடமே இல்லாமல் இருக்கும். இரண்டாம் நாளே முறிந்துவிடும், மூன்றாம் நாள் அதை வைத்தே திட்டு விழும். கணக்கு ஒத்துவராததுதான் முறிவதற்குக் காரணம். 24 மணிநேரத்தில் தூக்கம் 10, பள்ளியும் போய்வரும் நேரமும் 8 என்றால் மிச்சம் 6. குளிக்க, சாப்பிட, உடுத்த, சும்மா இருக்க 2. உலகச் சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயதுவரை நாளுக்குச் சராசரி 60 நிமிடமாவது ஓடியாடச் சொல்கிறது, அதற்கு 1. மீதி 3 மணிநேரம். வீட்டுப்பாடம், படிப்பு, வீட்டில் செய்யும் சின்ன வேலைகள், உறவினர் வருகை எல்லாம் அந்த மூன்றுக்குள். ஐந்து மணிநேரப் படிப்பு அதில் அடங்காது. அட்டவணை போடுவதற்கு முன் மூன்று நாள் உண்மையில் நேரம் எப்படிப் போகிறது என்று குறித்துப் பாருங்கள். பிறகு போடும் அட்டவணையில் அரை மணிநேரத்தை வெறுமையாக விடுங்கள். விளையாட்டு நேரத்தை வெளிச்சம் இருக்கும் பொழுதில் முதலில் எழுதிவிட்டு மற்றதைச் சுற்றி அடுக்குங்கள். "முடிச்சாத்தான் விளையாட்டு" என்று வைத்தால் அவசரக் கிறுக்கல்தான் மிஞ்சும். தம்பியின் அட்டவணையில் கடைசிச் சொல் தம்பியுடையதாக இருக்கட்டும். அண்ணன் யோசனை சொல்லலாம்.

மதிப்பெண் அட்டையை இருவர் முன்னிலையிலும் சேர்த்துத் திறக்காதீர்கள். ஒவ்வொருவனுடன் தனியாக, வேறு வேறு பொழுதில். அவனுடைய போன முறை மதிப்பெண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள். ஒரு மகனைப் படிப்பாளி என்றும் மற்றவனை விளையாட்டுப் பிள்ளை என்றும் பெயர் வைப்பது இன்னும் கெடுதல். அலெக்சாண்டர் ஜென்சனும் சூசன் மெக்ஹேலும் 2015இல் வெளியிட்ட ஆய்வில், எந்தப் பிள்ளை படிப்பில் கெட்டி என்று பெற்றோர் நம்பினார்களோ, அந்த நம்பிக்கை அடுத்து வந்த மதிப்பெண்களிலும் பிரதிபலித்தது. முந்தைய மதிப்பெண்களைக் கணக்கில் எடுத்த பிறகும் அப்படித்தான்.

மதிப்பெண்ணை ஒட்டியே இன்னொரு வியாபாரம் ரகசியமாக நடக்கும். தம்பி குறைந்த மதிப்பெண் தாளைப் பையின் அடியில் ஒளிப்பான். அண்ணன் கண்டுபிடிப்பான். "அம்மாகிட்ட போட்டுக்கொடுக்கட்டுமா?" அதன்பிறகு வாரக்கணக்கில் தம்பி அவனுக்குத் தண்ணீர் எடுத்துத் தருவான், தன் முறையை விட்டுக்கொடுப்பான். இதை அதட்டி நிறுத்த முடியாது. மிரட்டலுக்கு விலை இல்லாமல் செய்தால்தான் நிற்கும். குறைந்த மதிப்பெண்ணை அன்றே சொல்லிவிட்டால் திட்டு கிடையாது, பத்து நிமிடம் உட்கார்ந்து அடுத்து என்ன என்று பேசுவது மட்டும்தான், என்று வீட்டில் அறிவித்துவிட்டு அதைக் காப்பாற்றுங்கள். ஒருமுறை மீறித் திட்டினாலும் வியாபாரம் மறுபடி தொடங்கிவிடும்.

விளையாட்டில் அதிகாரம் வேறு வேஷத்தில் வரும். மட்டை அண்ணனுடையது, விதியும் அண்ணனுடையது, அவுட்டா இல்லையா என்று சொல்வதும் அவனே. தம்பிக்குப் பந்து பொறுக்கும் வேலை. பொறுத்துப் பார்த்துவிட்டு அவன் அழுகுணி ஆட்டம் ஆடுவான், அல்லது பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். மட்டை பிடித்திருப்பவன் தீர்ப்பு சொல்லக் கூடாது, சந்தேகம் வந்தால் அந்தப் பந்தை மறுபடி போட வேண்டும், விதியை மாற்ற நினைத்தால் அடுத்த ஆட்டத்திலிருந்துதான். இந்த மூன்றையும் ஆட்டத்துக்கு முன்னால் இருவர் வாயாலும் சொல்லவைத்தால் பாதிச் சண்டை எழாது.

மீதிப் பாதி வலிமை வித்தியாசத்தால் வருவது. எப்போதும் தோற்பவன் விளையாட மாட்டான். எப்போதும் வேண்டுமென்றே தோற்றுக்கொடுக்கும் அண்ணனைத் தம்பி சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவான், அது இன்னும் அவமானம். வெளிப்படையாகச் சுமை ஏற்றிக்கொள்வதுதான் நேர்மை. சதுரங்கத்தில் அண்ணன் ராணியை எடுத்து வைத்துவிட்டு ஆடட்டும். தம்பி தொடர்ந்து மூன்று ஆட்டம் ஜெயித்தால் ராணிக்குப் பதில் ஒரு யானை, மறுபடி மூன்று ஜெயித்தால் குதிரை. காய் குறைக்கப் பிடிக்கவில்லை என்றால் நேரத்தைக் குறைக்கலாம்: தம்பிக்கு 15 நிமிடம், அண்ணனுக்கு 5. ஓட்டப் பந்தயத்தில் அண்ணன் பின்னாலிருந்து கிளம்ப வேண்டும். பந்தில் இடது கையால் எறிய வேண்டும். இருவரும் ஏறத்தாழச் சமமாக ஜெயிக்கும் இடத்தில் சுமையை நிறுத்துங்கள். சுமை இவ்வளவு என்று இருவருக்கும் தெரிந்திருப்பதால், தம்பி ஜெயித்தாலும் அண்ணனுக்கு முகம் போகாது.

அண்ணனின் நண்பர் கூட்டத்தில் தம்பியைச் சேர்க்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவது நல்லதில்லை. வாரத்தில் சில நாள் அண்ணனுக்குத் தம்பி இல்லாத ஆட்டம் வேண்டும்; அவனும் ஒரு பையன்தான். சேர்த்துக்கொள்ளும் நாளில் ஒப்புக்குச் சப்பாணியாக ஓரத்தில் நிற்கவைக்கக் கூடாது. இரண்டு உயிர் கொடுங்கள்: முதல் முறை அவுட் ஆனால் கணக்கில்லை, இரண்டாவதுதான் அவுட், ஆனால் அவன் எடுக்கும் புள்ளிகள் முழுசாகக் கணக்கில் சேரும். அணி பிரிக்கும்போது அண்ணன் தலைவனாக நின்று தம்பியைக் கடைசியாக எடுக்கும் காட்சியைத் தவிர்க்க, தம்பி எந்த அணி என்பதைப் பூவா தலையா போட்டு முதலிலேயே முடிவு செய்துவிடலாம்.

திரை விளையாட்டில் நிமிடக் கணக்கில் முறை வைப்பது பெரும்பாலும் தோற்கும், ஏனென்றால் நேரம் முடியும்போது ஆட்டம் நடுவில் இருக்கும். ஒரு ஆட்டம் அவனுக்கு, ஒரு ஆட்டம் இவனுக்கு என்று சுற்றுக் கணக்கில் வையுங்கள். சேமித்து வைத்த ஆட்டங்களுக்கு இருவருக்கும் தனித்தனிக் கணக்கு அவசியம். தம்பி தெரியாமல் அண்ணனின் பல வார ஆட்டத்தின் மேல் தன்னுடையதைச் சேமித்துவிட்டால் அந்த இழப்பைத் திருப்பித் தர வழியே இல்லை. அதேபோல அண்ணனுக்குத் தம்பி தொடக் கூடாத ஓர் அலமாரியோ பெட்டியோ இருக்க வேண்டும். பொறுப்பு மட்டும் தந்து தனக்கென ஓர் இடம் தராவிட்டால் கசப்பு கட்டாயம் வரும்.

சண்டை வந்துவிட்டது. நீதிபதியாகப் போகாதீர்கள், யார் தொடங்கினார்கள் என்பது அநேகமாகத் தெரியவே போவதில்லை. முதலில் பிரித்துப் பத்து நிமிடம் தனித்தனி இடத்தில். பிறகு நடுவராக உட்காருங்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது, வசை கூடாது. எதைப் பற்றிச் சண்டை என்று இருவரும் ஒரு வாக்கியத்தில் சொல்ல வேண்டும். பிறகு ஒவ்வொருவனும் மற்றவன் சொன்னதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும், மற்றவன் "ஆமா, அதான்" என்னும்வரை. கடைசியாக வழி யோசிப்பது அவர்கள், நீங்கள் இல்லை. ஹில்டி ராஸும் அவருடன் பணியாற்றியவர்களும் பெற்றோருக்கு இந்த முறையில் பயிற்சி கொடுத்து ஆராய்ந்தபோது, பிள்ளைகள் ஒருவர் பார்வையை ஒருவர் கூடுதலாகப் புரிந்துகொண்டதையும் சமரசத்துக்கு வந்ததையும் கண்டார்கள். திருப்பிச் சொல்லும் படியைத் தவிர்த்துவிட்டால் மற்றதெல்லாம் வெறும் சடங்கு. "நீ பெரியவன், விட்டுக்கொடு" என்பதை ஒரு மாதத்துக்குச் சொல்லாமல் இருந்து பாருங்கள். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பெரியவன் எவ்வளவு காலம் வட்டி கட்டிக்கொண்டிருந்தான் என்பது புரியும்.

இதிலெல்லாம் அடங்காத ஓர் எல்லை உண்டு. அடிக்கும் உரிமையை எந்தக் காரணத்துக்காகவும் அண்ணனுக்குக் கொடுக்கக் கூடாது. "படிக்கலன்னா ரெண்டு போடு" என்று விளையாட்டாகச் சொன்னாலும் அது உத்தரவுதான். அறையில் பூட்டுவது, பொருளைப் பறிப்பது, சாப்பாட்டை நிறுத்துவது எதுவும் அவன் கையில் இருக்கக் கூடாது. சண்டை இருபக்கமும் மாறி மாறி நடந்தால் அது சண்டை. எப்போதும் ஒருவனே அடிக்கிறான், மற்றவன் அவன் வரும் சத்தம் கேட்டாலே இடம் மாறுகிறான், தனியாக இருவரையும் விட்டுப் போனால் அழுகிறான், காயத்துக்குக் கதை சொல்கிறான் என்றால் அது துன்புறுத்தல். அப்போது நடுவர் முறை உதவாது, பாதிக்கப்பட்டவனை எதிரில் உட்காரவைத்துச் சமரசம் பேசச் சொல்வதே தப்பு. இருவரையும் தனியே விடாமல், சொல்லித்தரும் ஏற்பாட்டை அன்றே நிறுத்தி, பிள்ளைகள் மனநல ஆலோசகரைப் பார்க்க வேண்டும். அடிக்கும் பையனுக்கும் உதவி தேவை. அவனை யாராவது அடிக்கிறார்களா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கொடுத்த பொறுப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் நாளையும் முன்பே குறித்துவிடுங்கள். ஒரு பருவத்துக்கு என்று கொடுத்தால் பருவம் முடிந்ததும் இருவரையும் தனித்தனியே கேளுங்கள்: தொடரலாமா, எந்தப் பாடத்தில், எதை மாற்ற வேண்டும். அண்ணனுக்குப் பெரிய தேர்வு வரும் வருடத்தில் கேட்காமலே விடுவித்துவிடுங்கள், நன்றி சொல்லி. தம்பி பத்துப் பன்னிரண்டு வயதைத் தாண்டும்போது நட்சத்திரம் போட்ட கணக்குகள் குறைந்துகொண்டே வரும், நோட்டைத் தூக்கிக்கொண்டு அவனே அண்ணன் அறைக் கதவைத் தட்டினால் உண்டு. அண்ணன் அப்போது "நாளைக்கு வாடா" என்றாலும் பரவாயில்லை. அது அவர்கள் இருவருக்கும் இடையிலான விஷயம், நாம் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை.